டஸ்ட் மைட் ட்ரீட்மென்ட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு சென்னை வேளச்சேரியில் இருக்கிறது. ஏழு வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது. அலர்ஜி டெஸ்ட்டில் டஸ்ட் மைட் (வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சி) என்று வந்தது. கார்பெட், சோபா, மெத்தை மூன்றையும் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டோம். சுத்தம் செய்யும் தொகைக்கு மேல், 'டஸ்ட் மைட் ட்ரீட்மென்ட்'டுக்குத் தனியாக 2,500 ரூபாய், ஆறு மாத உத்தரவாதம் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: சுத்தம் செய்துகொள்ளுங்கள். அந்த 2,500 ரூபாயை மட்டும் அவர்களிடம் கொடுக்காமல், பையன் படுக்கும் மெத்தைக்கும் தலையணைக்கும் முழுவதும் மூடுகிற ஜிப் உறை வாங்குங்கள். கார்பெட், சோபா சுத்தம் செய்யும் தொழிலில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் இந்த மருந்தை அடித்துக் கொடுத்தவன்தான். மூன்று மாதம் கழித்து ஒரு அம்மா போன் செய்து, "குழந்தைக்கு ஒரு மாற்றமும் இல்லையே தம்பி" என்றார். அதற்கப்புறம்தான் இந்தப் பூச்சியைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

டஸ்ட் மைட் கால் மில்லிமீட்டர் அளவுதான், வெறும் கண்ணுக்குத் தெரியாது. கடிக்காது. காலையில் எழுந்ததும் உடம்பில் கடித்த தடம் இருந்தால் மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள். மைட் தின்பது நம் மேலிருந்து உதிரும் தோல் துகளை. தண்ணீர் குடிக்காமல், காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொண்டே பிழைத்துவிடும். வீட்டுத் தூசு அலர்ஜிக்கு மூலம் இந்த மைட்தான் என்று நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் 1964-ல் காட்டினார்கள். பிறகு தெரியவந்தது இன்னும் முக்கியம்: இளைப்பைக் கிளப்பும் புரதம் பெரும்பாலும் மைட்டின் எச்சத்தில், அதாவது அது போடும் கழிவில், இருக்கிறது. ஒரு மைட் நாளைக்குச் சுமார் 20 எச்ச உருண்டை போடும். மருந்தடித்து மைட்டைக் கொன்றாலும், சேர்ந்து கிடக்கும் எச்சம் மெத்தையிலேயேதான் இருக்கும். பையன் புரண்டு படுத்தால் அது கிளம்பி மூக்குக்குள் போகும்.

அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ன மருந்து அடிக்கிறீர்கள்?" பென்சைல் பென்சோயேட் என்றால் அது மைட்டைக் கொல்லும் மருந்து. டானிக் அமிலம் என்றால் எச்சத்தில் உள்ள புரதத்தை உருமாற்றும், ஆனால் பலன் சில வாரங்களில் குறைந்துவிடும், வெளிர் நிறக் கார்பெட்டில் கறையும் விழலாம். பெர்மெத்ரின் என்றால், வீட்டில் பூனை இருந்தால் அடிக்கவே விடாதீர்கள், பூனைக்கு அது விஷம். "ஹெர்பல் சார், ஒன்றும் செய்யாது" என்று மட்டும் பதில் வந்தால், பேர் தெரியாத எதையும் குழந்தை படுக்கும் இடத்தில் தெளிக்க வேண்டாம்.

அடுத்து ஸ்டீம். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். எங்கள் தொழிலில் 'ஸ்டீம் கிளீனிங்' என்று சொல்வது பெரும்பாலும் வெந்நீரைப் பீய்ச்சி, உடனே உறிஞ்சி எடுக்கும் வேலை. அழுக்கும் எச்சமும் ஓரளவு நன்றாகவே வெளியே வரும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழாயில் சூடாகப் புறப்படும் தண்ணீர் கார்பெட்டின் அடியைத் தொடும்போது ஆறிப் போயிருக்கும். உள்ளே தங்கும் ஈரமோ மைட்டுக்கு விருந்து. 100 டிகிரிக்கு மேல் உலர்ந்த நீராவி விடும் இயந்திரம் வேறு. அது மைட்டைக் கொல்லும், மெத்தையையும் அதிகம் நனைக்காது. எந்த இயந்திரம் கொண்டு வருகிறார்கள், வேலை முடிந்தால் காய எவ்வளவு நேரமாகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபேனும் ஏசியும் போட்டு அன்றைக்கே காய வைக்க வேண்டும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாத உத்தரவாதத்தை நான் நம்பமாட்டேன். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால்தான் மைட் காய்ந்து சாகும். கடலோரச் சென்னையில் அப்படி எத்தனை நாள் கிடைக்கும்? தோல் உதிர்வது நிற்காது, ஈரமும் குறையாது, மைட் திரும்ப வந்துவிடும். சுத்தம் செய்ததும் வாளியில் கறுப்புத் தண்ணீரைக் காட்டி, "பாருங்கம்மா, எவ்வளவு மைட்" என்பார்கள். அது தெருப் புழுதி. எந்த வீட்டுக் கார்பெட்டை அலசினாலும் அப்படித்தான் வரும்.

மருத்துவ ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு, 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு 2008-ல் வந்தது. மருந்தடிப்பது, உறை போடுவது போன்ற மைட் தடுப்பு முறைகளால் ஆஸ்துமா குறைந்ததாக அதில் தெரியவில்லை. ஆனால் 2017-ல் இங்கிலாந்தில் மைட் அலர்ஜி உள்ள 284 ஆஸ்துமா குழந்தைகளை வைத்து, மைட் ஊடுருவாத படுக்கை உறையை மட்டும் தனியாகச் சோதித்தார்கள். ஒரு வருடத்தில் இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உறை போட்டவர்களில் 29 சதவீதம், சாதா உறை போட்டவர்களில் 42 சதவீதம். உறையைப் பற்றி இப்படி இரண்டு விதமாக இருந்தாலும், உங்கள் மகன் வயதுக் குழந்தைகளிடம் பலன் தெரிந்திருப்பதால்தான் காசை அங்கே போடச் சொல்கிறேன். துணி நெருக்கமாக நெய்த, மைட் உறை என்றே விற்பதாக வாங்குங்கள். மழைக்குப் போடும் பிளாஸ்டிக் ஷீட் வியர்க்கும், குழந்தை தூங்காது.

பெட்ஷீட், தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் மெஷினில் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் போகும், ஆனால் மைட் பிழைத்துக்கொள்ளும். பொம்மைகளை ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, பிறகு துவைக்கலாம். நம் பாட்டிமார் இலவம் பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் போட்டு அடித்துக் காயவைத்தார்களே, அதற்கும் அர்த்தம் உண்டு. சிட்னியில் கார்பெட்டைக் கொளுத்தும் வெயிலில் கவிழ்த்துப் போட்டுச் சோதித்தபோது மைட் எல்லாம் செத்தன. வெயிலில் போட்டபின் நன்றாகத் தட்டி உதறுங்கள், பையனை அப்போது மாடிக்கு விடாதீர்கள்.

கார்பெட் சுத்தம் செய்து பிழைக்கிறவன் நான். இருந்தாலும் சொல்கிறேன், பையன் தூங்கும் அறையிலிருந்து கார்பெட்டை எடுத்துவிடுங்கள். வெறும் டைல்ஸை ஈரத் துணியால் துடைப்பதைவிட நல்ல ட்ரீட்மென்ட் எதுவும் எங்கள் கையில் இல்லை. ஹாலில் கிடப்பதற்கு, நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் கொண்டு முதலில் மெதுவாக இழுத்துவிட்டு, பிறகு வெந்நீர் வேலை செய்யச் சொல்லுங்கள். அது நடக்கும் நாளில் பையனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, வீடு சுத்தமாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது இதையெல்லாம் செய்ததை அவரிடம் சொல்லுங்கள், குறைப்பதா வேண்டாமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.