முடவாட்டுக்கால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கொல்லிமலையில் ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு ஒரு கிழங்கு விற்றார்கள். சூப் வைத்தோம், பிரமாதம். விதை கிடைத்தால் வீட்டிலேயே வளர்க்கலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: விதை எங்கே தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அந்தச் செடிக்கு விதை கிடையாது, பூ கிடையாது, காய் கிடையாது. முடவாட்டுக்கால் ஒரு பெரணி, அதாவது ஃபெர்ன் (fern) வகைச் செடி. டிரைனேரியா என்ற பேரினம். நம் மலைகளில் கிடைப்பது டிரைனேரியா குவெர்சிஃபோலியா. சொல்லப்போனால் அது மண்ணைத் தோண்டி எடுக்கிற கிழங்கே இல்லை, பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படர்கிற சதைப்பற்றான தண்டு. ரோமம் என்று நாம் சுரண்டி எறிவது அதன் செதில்களை. வளர்க்க ஆசையென்றால் நுனி உடையாத துண்டாகப் பார்த்து வாங்குங்கள், வளர்ச்சி எல்லாம் நுனியில்தான். தேங்காய் மட்டையிலோ பழைய மரத்துண்டிலோ கட்டி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து வாருங்கள். மண்ணில் புதைத்தால் அழுகிவிடும்.

கேள்வி: எங்கள் மாமரத்தில் இது ஏறியிருக்கிறது. பாதி இலை காய்ந்து தொங்குகிறது. மரத்தை உறிஞ்சிவிடுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உறிஞ்சாது, பயப்படாதீர்கள். புல்லுருவி வேறு, இது வேறு. இதற்கு மரம் வெறும் உட்காரும் இடம். நீங்கள் காய்ந்துவிட்டது என்று நினைக்கிற அந்தப் பழுப்பு இலைகளில்தான் சூட்சுமமே இருக்கிறது. இந்தச் செடிக்கு இரண்டு வகை இலை. ஒன்று நீளமாக, பச்சையாக, ஆழமாகக் கிழிந்த மாதிரி இருக்கும், அடிப்பக்கம் வித்துகள் (ஸ்போர் என்கிற தூள், விதை அல்ல) உண்டாகும், வறட்சி வந்தால் உதிர்ந்துவிடும். இன்னொன்று காம்பில்லாத குட்டை இலை. முளைத்த கொஞ்ச நாளிலேயே பழுப்பாகிக் காகிதம்போல ஆனாலும் உதிராமல் வருஷக்கணக்கில் தண்டைச் சுற்றிக் கூடைபோல நிற்கும். மேலேயிருந்து விழும் சருகு, தூசி, பூச்சி எச்சம் எல்லாம் அந்தக் கூடைக்குள் சேர்ந்து மக்கும், மழைத்தண்ணீரும் தங்கும், வேர்கள் அதற்குள் போய்ச் சாப்பிடும். மண்ணே இல்லாத பாறையில் தனக்கான மண்ணைத் தானே தயாரித்துக்கொள்கிற செடி! அப்புறம் இன்னொன்று: பூவே இல்லாவிட்டாலும் இலையில் தேன் சுரக்கும் இடங்கள் உண்டு, எறும்புகள் அதற்காக வரும். ஆகவே அசிங்கமாக இருக்கிறது என்று பழுப்பு இலையைப் பிய்த்துவிடாதீர்கள்.

கேள்வி: சித்த மருத்துவம் சொல்கிற 4448 நோய்களும் இதனால் தீரும் என்று வீடியோ வருகிறதே? (சேலம் வாசகர்)

பதில்: எல்லா நோயும் தீரும் என்று யார் எதைச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். மூட்டுவலிக்கு மலைமக்கள் சாப்பிடுவது உண்மை. எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் வலியும் வீக்கமும் குறைந்ததாகப் பதிவுகளும் உண்டு. சீனாவில் இதே பேரினத்தின் இன்னொரு இனம் எலும்பு முறிவுக்கான மருந்தாக அந்நாட்டு அரசு மருந்து நூலிலேயே இருக்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு சூப்பை நம்பாதீர்கள்.

கேள்வி: காலங்காலமாக எடுக்கிறார்கள், தீரவில்லையே. இப்போது என்ன புதிதாகக் கவலை? (நாமக்கல் வாசகி)

பதில்: அங்கேயே எடுத்து அங்கேயே சாப்பிட்டவரை கவலை இல்லை. இப்போது கூரியரில் ஊர் ஊராகப் போகிறது. இந்தியா, இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடக்குவரை பரவிய இனம், அதனால் உலகத்திலிருந்தே அழிந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் ஒரு பாறையில் தண்டை மொத்தமாகப் பெயர்த்தால் கூடையும் அது சேர்த்த மக்கும் சேர்ந்தே போகிறது, மிஞ்சுவது மொட்டைப்பாறை. புதிதாக வர, காற்றில் வந்த வித்து ஈரமான இடத்தில் விழ வேண்டும். முதலில் நகத்தளவுகூட இல்லாத ஒரு பச்சைத் தகடு முளைக்கும். அதன் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் ஆண் அணு நீந்திப் போய்க் கருவுற முடியும், அதற்குப் பிறகுதான் செடி. சூப்புக்கு ஆகிற தண்டு என்றால் பல வருஷம். மரப்பெரணிகளின் பன்னாட்டு வணிகத்துக்கு சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய நாடுகளுக்கிடையிலான) ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, இதற்கு அதுவும் இல்லை. எடுப்பவர்கள் நுனிகளையும் பாதித் தண்டையும் பாறையிலேயே விட்டால் போதும், அது திரும்பப் படரும். வாங்குகிற நாமும் கிலோக் கணக்கில் வாங்கி ஃப்ரிட்ஜில் போட்டு வைக்காமல் ஒரு வேளை சூப்புக்கு ஆகிற அளவு வாங்கலாம்.