பாட்டிக்காக ஜெபித்தும் இறந்துவிட்டார், இனி ஜெபிக்க மாட்டேன் என்கிற ஒன்பது வயது மகன்

அவனைக் கட்டாயப்படுத்தி முழங்கால் போட வைக்காதீர்கள். குடும்ப ஜெபம் வழக்கம்போல நடக்கட்டும். அவன் சும்மா உட்கார்ந்திருக்கலாம், வாய் திறக்க வேண்டாம்.

அவனுக்குக் கடவுள் மேல் கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அது குற்ற உணர்வாகவும் இருக்கலாம் என்று படுகிறது. "விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கிடைக்கவில்லை என்றால், தன் விசுவாசம்தான் குறைவு என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும். தனியாக இருக்கும்போது, "பாட்டி ஏன் இறந்தாங்கன்னு நீ நினைக்கிறே?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை உடனே திருத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நான் சரியா ஜெபிக்கல" என்று சொன்னால், இயேசு சிலுவைக்கு முந்தின இரவு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். "பாத்திரம்", அதாவது தனக்கு வரப்போகிற பாடு, நீங்கும்படி இயேசுவே மூன்று முறை ஜெபித்தார், அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோபம்தான் என்றால் 13-ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று கர்த்தரையே கேட்கிற பாட்டு அது. 88-ஆம் சங்கீதம் கடைசிவரை ஆறுதலே இல்லாமல் முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அப்புறம், "பாட்டி ஆண்டவருக்குத் தேவைப்பட்டாங்க, எடுத்துக்கிட்டார்" என்கிற பேச்சு வேண்டவே வேண்டாம். அடுத்து அம்மாவை எடுத்துக்கொள்வாரோ என்று பயப்படுவான்.

தூக்கம், சாப்பாடு, பள்ளி எல்லாம் வாரக்கணக்கில் கெட்டால் இதை விசுவாசப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். போதகரிடம் பேசுவதோடு குழந்தைகள் மனநல ஆலோசகரிடமும் காட்டுங்கள்.