வாசகர் கேள்வி: தாளிக்கும் வாசனையும் வாடகை வீடும்

கேள்வி: என் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. இந்தியர் என்றால் அங்கே வாடகைக்கு வீடு தர யோசிக்கிறார்களாம். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊரிலா இப்படி? நீங்கள் அங்கே குடியிருந்தவர் என்பதால் கேட்கிறேன்.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஆமாம், யோசிக்கிறார்கள். ஆனால் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். “சமைப்பீர்களா?” என்றுதான் கேட்பார்கள். ‘லைட் குக்கிங்’ என்றால் சாதம் வைக்கலாம், முட்டை அவிக்கலாம், கடுகு தாளிக்கக் கூடாது என்று அர்த்தம். தினமும் சமைப்போம் என்பதை உங்கள் மகன் முதலிலேயே சொல்லிவிடட்டும். மறைத்துக் குடிபோனால் ஒவ்வொரு ரசத்துக்கும் பயந்துகொண்டே ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கும். ஒப்புக்கொள்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான்.

அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிகளில் கதை வேறு. அங்கே 1989 முதல் இனவாரி வரம்பு உண்டு. ஒரு பிளாக்கில் சீனர்கள் 87 சதவீதத்தையும், மலாய்க்காரர்கள் 25 சதவீதத்தையும், இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. 1964-இல் இனக் கலவரத்தைப் பார்த்த ஊர் அது. தனித்தனிச் சேரியாகப் பிரிந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டு மலாய் அம்மா கொண்டுவந்து தரும் பலகாரமெல்லாம் அதனால் கிடைத்ததுதான். இதில் ஒரு சங்கடமும் உண்டு. பிளாக்கில் சீனர் அளவு நிரம்பிவிட்டால் அங்குள்ள தமிழர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறையும், விலையும் இறங்கும். அப்புறம், இந்த வரம்பு வாங்குவதற்கும் விற்பதற்கும்தான். வாடகைக்கு எந்த இனத்தாரை வைப்பது என்பது வீட்டுக்காரர் மனசு.

சீனர்களால் எனக்குப் பெரிய மனக்கஷ்டம் வந்ததில்லை. என்னை வருத்தியது நம் ஆட்கள்தான். “ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போகாதீங்க, அவங்க கூட்டமா இருப்பாங்க” என்று எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் சொன்னார். தேக்கா என்றால் அங்குள்ள லிட்டில் இந்தியா பகுதி. அவரும் தமிழ்தான், கணவருக்கு வங்கி வேலை. ‘அவங்க’ யார்? அரியலூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பையன்கள். வாரத்துக்கு ஒரு நாள் லீவில் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசுவார்கள், பொண்டாட்டிக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பார்கள். மற்ற நாட்களில் லாரியின் பின்தட்டில், வெயிலோ மழையோ, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி அதே தேக்காவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் பஸ் மோதி ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்து கலவரம் ஆனபோது, “இவங்களால நம்ம பேரும் கெடுது” என்றுதான் என் காதில் அதிகம் விழுந்தது. செத்துப்போனவனுக்காக வருந்தியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது அந்தத் தொழிலாளர்களை மாதக்கணக்கில் விடுதிகளுக்குள் அடைத்து வைத்தார்கள். அந்த வருஷ முடிவுக்குள் விடுதிவாசிகளில் பாதிப் பேர் அளவுக்குத் தொற்று வந்திருந்தது.

உங்கள் மகன் அவசியம் தேக்காவுக்குப் போகட்டும். “எந்த ஊர் தம்பி?” என்று கேட்டால் போதும், டீ வாங்கிக் கொடுத்துத்தான் விடுவார்கள்.

கேள்வி: கம்மனஹள்ளியில் எங்கள் மாடி வீட்டுக்கு இரண்டு ஆப்பிரிக்க மாணவர்கள் வந்து கேட்கிறார்கள். அக்கம்பக்கத்தார் வேண்டாம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: தாராளமாகக் கொடுங்கள் சார். வெளியூரில் நம் பிள்ளைக்கு வீடு கிடைக்கவில்லை என்றால் நமக்கு எப்படிக் கொதிக்கிறது! 2016-இல் இதே ஊரில், யாரோ ஏற்படுத்திய விபத்துக்காகத் தான்சானியா மாணவி ஒருத்தியைக் கூட்டம் கூடி அடித்தது. கறுப்பாக இருந்தாள் என்பதைத் தவிர அவளுக்கும் அந்த விபத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அக்கம்பக்கத்தார் பேச்சை அதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

மற்றவர்களிடம் வாங்கும் அதே வாடகை, அதே அட்வான்ஸ் வாங்குங்கள். வெளிநாட்டுக்காரர் என்று ஏற்றிக் கேட்க வேண்டாம். பாஸ்போர்ட், விசா, கல்லூரிக் கடிதம் மூன்றுக்கும் நகல் வாங்கி, அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு ‘சி’ படிவம் என்பார்கள்) ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். அது வீட்டுக்காரர் பொறுப்பு, அவர்கள் பொறுப்பு அல்ல.