இந்திய டெஸ்ட் அணியில் தமிழ்நாட்டு வீரர்களை ஓரங்கட்டுகிறார்களா?

கேள்வி: சொந்த மண்ணிலேயே வரிசையாகத் தோற்கும் இந்திய டெஸ்ட் அணியின் தேர்வு சரிதானா? தமிழ்நாட்டு வீரர்களை வேண்டுமென்றே ஓரங்கட்டுகிறார்களா? வெளிநாட்டில் இருக்கும் ரசிகர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஓரங்கட்டுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சேர்க்கத்தான் செய்கிறார்கள். சேர்த்த பிறகு "இது உன் இடம், இது உன் வேலை, பத்து டெஸ்ட் ஆடு, பார்க்கலாம்" என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

சாய் சுதர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஐபிஎல்லில் 759 ரன், அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி. அந்த வேகத்திலேயே இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய் லீட்ஸில் ஒன் டவுன், அதாவது மூன்றாவது பேட்ஸ்மேனாக, இறக்கினார்கள். முதல் இன்னிங்ஸில் டக், இரண்டாவதில் 30. அடுத்த டெஸ்ட்டில் ஆள் இல்லை, அந்த இடத்துக்குக் கருண் நாயர் வந்தார். நான்காவது டெஸ்ட்டில் மான்செஸ்டரில் மறுபடி சுதர்சன், 61 அடித்தார். அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெல்லியில் 87. சரி, பையன் ஊன்றிவிட்டான் என்று நினைத்தோம். அடுத்த டெஸ்ட் நவம்பரில், கொல்கத்தாவில், தென்னாப்பிரிக்காவோடு. டாஸ் போட்ட பிறகு அணிப் பட்டியலைப் பார்த்தால் சுதர்சன் பெயரே இல்லை. 87 அடித்ததற்கு அடுத்த ஆட்டத்தில் பெஞ்ச்! ஒன் டவுன் யார் என்று பார்த்தால் வாஷிங்டன் சுந்தர்.

இதில் தமிழ்நாட்டுக்கு எதிரான சதி எங்கே இருக்கிறது? ஒரு சென்னைப் பையனை எடுத்துவிட்டு இன்னொரு சென்னைப் பையனை அதே இடத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டு பேருக்குமே நல்லது செய்யவில்லை.

அந்தக் கொல்கத்தா டெஸ்ட்டின் மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறு பிற்பகல் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் எப்படி இருக்கும் என்று சிங்கப்பூரில் இருந்தவர்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க வேலை பார்த்த நம்மூர் ஆட்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் வரிசை ஒரு பக்கம், மளிகைக் கடை வாசலில் ஒரு போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இன்னொரு பக்கம். இந்தியாவுக்கு 124 ரன் வேண்டும். நம் நேரம் அவர்களைவிட இரண்டரை மணி முன்னால், அதனால் அவர்களுடைய உணவு இடைவேளை நமக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு. அப்போதே 10 ரன்னுக்கு இரண்டு விக்கெட். கேப்டன் கில் முதல் இன்னிங்ஸிலேயே கழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டார், பேட்டிங்குக்கு வர மாட்டார். வாஷிங்டன் மட்டும் பந்தைக் கடைசி வரை பார்த்து, முன்காலை நீட்டி, மட்டையைத் தளர்வாகப் பிடித்துத் தடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆடுகளத்தில் எப்படி ஆட வேண்டுமோ அப்படி. மார்க்ரம் பந்தில் ஸ்லிப்பில் பிடிபட்டபோது அவர் எடுத்திருந்தது 31. அந்த இன்னிங்ஸில் யாரும் அதைத் தாண்டவில்லை. கடைசியில் அக்சர் பட்டேல் மகராஜை இரண்டு சிக்ஸரும் ஒரு ஃபோரும் விளாசியதும் கடை வாசலில் விசில் பறந்தது. அதே ஓவரில் இன்னொன்று தூக்கினார், பவுமா பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தார். அடுத்த பந்திலேயே சிராஜும் அவுட். 93 ரன், 30 ரன்னில் தோல்வி.

பக்கத்தில் நின்ற திருவாரூர்க்காரர் ஒருவர், லோரி ஓட்டுகிறவர், கேட்டார்: "ஏன் தம்பி, நாலு ஸ்பின்னர எடுத்துட்டு ஒருத்தருக்குப் பந்தையே கொடுக்கலையே, அப்ப எதுக்கு நாலு பேரு?" அதன் பிறகு நான் பார்த்த எந்தத் தொலைக்காட்சி அலசலிலும் இதைவிடக் கூர்மையான கேள்வி வரவில்லை. ஜடேஜா, அக்சர், குல்தீப், வாஷிங்டன் என்று நால்வர். அதில் வாஷிங்டனுக்குப் பந்துவீச்சு பெயரளவுக்குத்தான். எதிரணியில் சைமன் ஹார்மர், 36 வயது ஆஃப் ஸ்பின்னர், அந்த ஒரே ஆட்டத்தில் எட்டு விக்கெட் எடுத்தார். நம்முடைய ஆஃப் ஸ்பின்னரை நாம் ஒன் டவுன் பேட்ஸ்மேனாக வைத்திருந்தோம். பயிற்சியாளர் கம்பீர் ஆட்டம் முடிந்ததும் சொன்னது, இந்த ஆடுகளத்தைத்தான் கேட்டோம் என்று. கேட்டு வாங்கிய ஆடுகளத்துக்கு ஏற்ற அணியை மட்டும் எடுக்கவில்லை.

சரி, வாஷிங்டன் இரண்டு இன்னிங்ஸிலும் 29, 31 என்று மற்றவர்களைவிட நன்றாகத்தானே ஆடினார், அந்த ஒன் டவுனையாவது அவருக்கு விட்டுவைத்தார்களா? அடுத்த வாரம் குவாஹாட்டியில் அவர் எட்டாம் எண். சுதர்சன் திரும்பவும் ஒன் டவுன். அங்கேயும் 122 ரன்னுக்கு ஏழு விக்கெட் போன பிறகு வாஷிங்டனும் குல்தீப்பும் சேர்ந்துதான் 72 ரன் சேர்த்தார்கள். வாஷிங்டன் 48. குல்தீப் 134 பந்து நின்று 19. முழுநேர பேட்ஸ்மேன்கள் யாரும் அந்த ஆட்டத்தில் குல்தீப் அளவு பொறுமையோடு ஆடவில்லை என்று எழுத வந்தேன், ஆனால் சுதர்சன் இரண்டாவது இன்னிங்ஸில் 139 பந்தில் 14 எடுத்தார். அந்த 14ஐப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆட்டத்தில் தவறினால் அடுத்ததில் நான் இல்லை என்று தெரிந்த ஒருவன் அப்படித்தான் ஆடுவான். அடிக்கவும் பயம், அவுட்டாகவும் பயம். 408 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். ரன் கணக்கில் இந்தியாவின் மிகப் பெரிய டெஸ்ட் தோல்வி இதுதான்.

(அந்த ஆட்டத்தில் தமிழ்ப் பெயர்க்காரர் ஒருவர் சதம் அடித்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். செனுரன் முத்துசாமி, 109 ரன். பூர்வீகம் நாகப்பட்டினம் பக்கம். ஆடியது தென்னாப்பிரிக்காவுக்கு.)

இப்போது அந்த "தமிழ்நாட்டுக்காரன் என்பதால்தான்" வாதத்துக்கு வருகிறேன். இதை நம்புகிறவர்கள் கையில் பெரிய பட்டியலே இருக்கிறது. ஆஃப் ஸ்பின்னர் அஷ்வினை 2021இல் இங்கிலாந்தில் ஆடிய நான்கு டெஸ்ட்டிலும் வெளியே உட்கார வைத்தார்கள். 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலும் எடுக்கவில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போய், மூன்று வடிவத்திலும் அந்த ஒரே பயணத்தில் அறிமுகமாகி, பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். அதுவே அவருடைய ஒரே டெஸ்ட். வாஷிங்டனும் அதே பிரிஸ்பேனில் அறிமுகமாகி 62 அடித்தார், பிறகு சென்னையில் 85, அகமதாபாத்தில் 96, இரண்டும் நாட் அவுட், இரண்டிலும் மறுமுனையில் ஆள் தீர்ந்துபோனது. அதற்கப்புறம் மூன்றரை வருடம் டெஸ்ட் கிடையாது. 2024இல் புனேயில் திரும்பி வந்து நியூசிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 11 விக்கெட்.

பட்டியல் உண்மைதான். ஆனால் அதே தட்டில் மற்றவர்களையும் வைத்துப் பாருங்கள். கருண் நாயர் கர்நாடகா. 2016இல் நம் சேப்பாக்கத்தில் 303 நாட் அவுட் அடித்துவிட்டு, சில மாதத்தில் காணாமல் போனார், மறுபடி எடுக்க 2025 ஆனது. சர்ஃபராஸ் கான் மும்பை. பெங்களூருவில் நியூசிலாந்துக்கு எதிராக 150 அடித்தவர் ஆஸ்திரேலியாவில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை, அடுத்து இங்கிலாந்துக்கு ஆளையே எடுக்கவில்லை. குல்தீப் உத்தரப் பிரதேசம். 2022 டிசம்பரில் வங்கதேசத்தில் ஆட்ட நாயகன் விருது வாங்கினார், அடுத்த டெஸ்ட்டில் நீக்கம். 2025இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட்டும் ஆடாமல் தண்ணீர் தூக்கினார். எல்லா மாநிலத்துக்காரனுக்கும் ஒரே கதிதான். நமக்கு நம் ஆட்கள் மட்டும் கண்ணில் படுகிறார்கள், அவ்வளவுதான். அதோடு, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையைத் தமிழ்நாடு வென்றதே இரண்டு முறைதான், கடைசியாக 1987-88இல். அதையும் ஞாபகம் வைத்துக்கொண்டு பேசினால் குரல் கொஞ்சம் தணியும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் மோசமானது 2024-25 ஆஸ்திரேலியத் தொடர். பெர்த்தில் ஸ்பின்னர் வாஷிங்டன். அடிலெய்டில் அஷ்வின். பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று ஆட்டம், மூன்று ஸ்பின்னர். மூன்றாவது ஆட்டம் முடிந்த அன்றைக்கே, 537 விக்கெட் எடுத்த மனிதர், அஷ்வின், போதும் என்று விடைபெற்றுவிட்டார். அவர் என்ன நினைத்துப் போனார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு கம்பெனியில் மூத்த ஆளை வாரம் ஒரு பிரிவுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் அவர் என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார்.

ஆல்ரவுண்டர் மோகம்தான் இதன் வேர் என்பது என் கருத்து. எட்டாம் எண் வரைக்கும் பேட்டிங் வேண்டும், ஆறு பேர் பந்து வீச வேண்டும் என்ற கணக்கு டி20இல் சரி, நான்கு ஓவர் போட்டால் வேலை முடிந்தது. டெஸ்ட்டில் ஒருவன் 30 ஓவர் வீசி 20 விக்கெட்டில் தன் பங்கை எடுக்க வேண்டும், இன்னொருவன் நாள் முழுக்க நின்று பேட் செய்ய வேண்டும். இரண்டையும் பாதிப் பாதி செய்கிற நான்கு பேரை வைத்துக்கொண்டால் ஆழம் இருக்கிற மாதிரி தோன்றும், 124ஐத் துரத்தும்போதுதான் உண்மை தெரியும். 2012-13க்குப் பிறகு சொந்த மண்ணில் தொடர்ச்சியாக 18 தொடர் வென்ற அணி, 2024இல் நியூசிலாந்திடம் மூன்றுக்குப் பூஜ்யம், ஒரு வருடம் கழித்துத் தென்னாப்பிரிக்காவிடம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று வாங்கியது. அந்த 18 தொடர்களின் காலத்தில் பெரும்பாலும் ஒன் டவுன் புஜாரா என்றால் புஜாராதான். 2023இல் அவரை விட்ட பிறகு கில் கொஞ்ச காலம் அங்கே ஆடினார், பிறகு நாலாம் எண்ணுக்குப் போனார். 2025இல் மட்டும் சுதர்சன், கருண், மறுபடி சுதர்சன், வாஷிங்டன், மறுபடி சுதர்சன். பள்ளிக்கூட அணியில்கூட இப்படி மாற்ற மாட்டார்கள்.

"அப்படியென்றால் 2025இல் சாம்பியன்ஸ் டிராபியும் ஆசியக் கோப்பையும் எப்படி வந்தன?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, பதிலும் அங்கேயேதான் இருக்கிறது. வெள்ளைப் பந்தில், அதாவது ஒருநாள், டி20 ஆட்டங்களில், ஒவ்வொருவருக்கும் வேலை தெரியும். ஸ்பின்னர் வருண் சக்கரவர்த்தியை 2021 டி20 உலகக் கோப்பைக்குப் பிறகு மூன்று வருடம் மறந்திருந்தார்கள், அது வேறு கதை. ஆனால் திரும்பி வந்ததும், நீ விக்கெட் எடு, ரன்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று விட்டுவிட்டார்கள். துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு ஐந்து விக்கெட். அவரிடம் யாராவது ஏழாம் எண்ணில் பேட் செய்வாயா என்று கேட்டார்களா?

2025இல் இங்கிலாந்தில் இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்ததையும் மறக்கவில்லை. ஓவல் கடைசி நாள் திங்கள்கிழமை, நமக்கு மாலை ஆறு மணிக்கு ஆரம்பம். எம்ஆர்டி ரயிலில் எனக்கு எதிரே நின்ற பெண்மணி, முன்பின் தெரியாதவர், என் போனில் சிராஜ் அட்கின்சனின் ஸ்டம்பைப் பெயர்த்ததைப் பார்த்துக் கை தட்டினார். ஆறு ரன்னில் வெற்றி. அந்தத் தொடரில் மான்செஸ்டரில் வாஷிங்டனை ஐந்தாம் எண்ணில் இறக்கினார்கள், 206 பந்து நின்று 101 நாட் அவுட். இப்படி ஒருவர் கையில் இருக்கும்போது நாலு மாதத்தில் அவரை மூன்றுக்கும் எட்டுக்கும் பந்தாடியதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இந்தத் தளத்தில் இன்னொருவர், சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்திய அணிக்கு ஏன் இவ்வளவு கவலை, உங்கள் அணியைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். பார்க்கிறோம் சார். 2019 செப்டம்பரில் பாலஸ்டியர் பக்கம் இந்தியர் சங்கத் திடலில் நம் சிங்கப்பூர் அணி ஜிம்பாப்வேயை நான்கு ரன்னில் தோற்கடித்தது, டெஸ்ட் ஆடும் நாடு ஒன்றுக்கு எதிராக முதல் வெற்றி. இங்கே பிறந்த டிம் டேவிட் அந்த அணியில் ஆடியவர்தான், பிறகு ஆஸ்திரேலிய அணிக்கு ஆடப் போய்விட்டார். இரண்டு அணியையும் பார்க்க ஒரு மனிதனுக்கு நேரம் இருக்கிறது.

என்னிடம் கேட்டால்: சுதர்சனுக்கு ஒன் டவுன், பத்து டெஸ்ட், இடையில் டக் அடித்தாலும் கை வைக்கக் கூடாது. வாஷிங்டனுக்கு ஆறாம் எண், கூடவே முதல் ஆஃப் ஸ்பின்னர் என்ற பொறுப்பு, குறைந்தது ஒரு இன்னிங்ஸுக்கு 20 ஓவர். குல்தீப் எந்த ஆடுகளமாக இருந்தாலும் அணியில். அதற்காக அக்சரோ ஜடேஜாவோ ஒருவர் வெளியே உட்கார வேண்டி வரும், உட்காரட்டும். சொந்த மண்ணில் ஒரு முழுநேர பேட்ஸ்மேன் கூடுதலாக வேண்டும், அது சர்ஃபராஸாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். 2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்ட்டுக்கு இந்தியா வருகிறது. முதல் டெஸ்ட்டின் ஒன் டவுன்தான் ஐந்தாவது டெஸ்ட்டிலும் ஒன் டவுன் என்று இருந்தால், தோற்றாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். திருவாரூர் அண்ணனுக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.