ஐந்து கிண்ணமும் ஆறு வளையமும்

ஜப்பானின் கோபே நகரில் 22 வருடம் குடும்பம் நடத்திவிட்டு, இப்போது திருச்சியில் இருக்கிறேன். அங்கே கோயில் சந்தைகளில் பொறுக்கிச் சேர்த்த பழைய நாப்கின் வளையங்கள் 61, பீங்கான் கொஞ்சம். போன இதழில் அவற்றின் படங்கள் வந்ததும் வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

எங்கள் ஐயா ரங்கூனில் தொழில் செய்தவர். ஆயாவின் பெட்டியில் டிராகன் போட்ட ஐந்து வெள்ளி வளையங்கள் கிடைத்தன. குழந்தைக் காப்பு என்று நினைத்து என் மகளுக்குப் போட்டுப் படம்கூட எடுத்தோம். அது நாப்கின் வளையம் என்கிறாள் என் தோழி. 1, 2, 3, 4, 6 என்று எண் இருக்கிறது. ஜப்பான் சாமான்தானா?
- வாசகி, காரைக்குடி

காப்பு என்று நினைத்ததில் தப்பே இல்லை. குறுக்களவு நாலு, நாலரை சென்டிமீட்டர் இருக்கும். குழந்தைக் கைக்கு அளவெடுத்த மாதிரிதான். உங்கள் தோழி சொன்னது சரி. ஐரோப்பிய வீடுகளில் துணி நாப்கினைத் தினம் துவைக்க மாட்டார்கள். ஒரே துணியை நாலைந்து வேளை வைத்துக்கொள்வார்கள். யாருடையது எது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் ஆளுக்கொரு வளையம், வளையத்துக்கு ஒரு எண், இல்லாவிட்டால் பெயரின் முதல் எழுத்து. உங்கள் வீட்டு 5-ஆம் நம்பர் யார் மடியிலிருந்து உருண்டு போனதோ!

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. ஜப்பானியர் சாப்பாட்டுக்கு முன் ஓஷிபோரி என்ற ஈரத் துண்டில் கையைத் துடைத்துக்கொள்கிறவர்கள். மடியில் விரிக்கத் துணி கிடையாது, அதைச் சுருட்டி வைக்க வளையமும் கிடையாது. 1859-இல் யோகோஹாமா துறைமுகமும் 1868-இல் கோபேயும் வெளிநாட்டாருக்குத் திறந்த பிறகு, வெள்ளைக்காரர் கேட்டார்கள், தட்டார்கள் செய்தார்கள். தங்கள் வீட்டில் யாரும் தொடாத ஒரு சாமானுக்கு மூங்கில், ஐரிஸ், சாமந்தி, டிராகன் என்று உயிரைக் கொடுத்து வேலை செய்திருக்கிறார்கள்.

அப்புறம், உங்களுடையது ஜப்பான்தானா என்பது. அவசரப்பட வேண்டாம். டிராகன் வளையங்களைக் கான்டன், ஹாங்காங், ஷாங்காய் கடைகளும் ஏராளமாக விற்றன. ரங்கூனுக்கு அவை வருவது எளிது. உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இங்கிலீஷ் முதலெழுத்துகளும் 90 என்ற எண்ணும் சீன முத்திரையும் இருந்தால் சீன வேலை. ‘ஜுன்கின்’, அதாவது சுத்த வெள்ளி என்று பொருள்படும் இரண்டு சித்திர எழுத்துகளோ, 950 என்ற எண்ணோ இருந்தால் ஜப்பான் பக்கம் சாயலாம். மூன்று நகம் என்றால் ஜப்பான் டிராகன் என்பார்கள். பொதுவாகச் சரிதான், ஆனால் நகத்தை மட்டும் எண்ணிப் பணம் கொடுக்காதீர்கள்.

கறுத்துப்போன வளையத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா, விபூதி போடலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

புளியா! என் பழைய புண்ணைக் கிளறுகிறீர்கள். கோபேயில் இரண்டாவது வருடம், ஒரு சந்தையில் 4,000 யென் கொடுத்து ‘வெள்ளி’ வளையம் வாங்கினேன். ஃபூஜி மலையும் பைன் மரமும் போட்டது. கையில் நல்ல கனம். வீட்டுக்கு வந்ததும் அம்மா பழக்கிய பழக்கம், புளியைக் கரைத்துத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் ஃபூஜி மலையின் பனி போய், அடியிலிருந்து ஈயச் சாம்பல் நிறம் பல்லைக் காட்டியது. அது ஆன்டிமனிச் சாமான். ஆன்டிமனி என்ற உலோகத்தையும் ஈயத்தையும் உருக்கி அச்சில் வார்த்து, மேலே மெல்லியதாக முலாம் கொடுத்தது. டோக்கியோவில் இதற்கென்றே பட்டறைகள் இருந்தன. நகைப்பெட்டி, சிகரெட் பெட்டி என்று கப்பல் கப்பலாகப் போனது. விற்றவர் பொய் சொல்லவில்லை. வெள்ளியா என்று நான்தான் கேட்கவே இல்லை.

அன்று முதல் தேய்ப்பதற்கு முன் உருவத்தின் விளிம்பைப் பார்க்கிறேன். உளியால் செதுக்கிய வெள்ளியில் பைன் ஊசி ஒவ்வொன்றும் கூராக நிற்கும்; அச்சு வார்ப்பில் வெண்ணெயில் வரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். மரப்பலகையில் மெதுவாகத் தட்டினால் வெள்ளி கணீர் என்னும், ஆன்டிமனி தொப்பென்னும்.

நிஜ வெள்ளியாகவே இருந்தாலும் விபூதி வேண்டாம். பள்ளங்களில் இருக்கும் கறுப்பு பெரும்பாலும் வேண்டுமென்றே விட்டது. அதை எடுத்துவிட்டால் டிராகன் தட்டையாகிவிடும். பழைய பருத்தி வேட்டித் துணியால் மேட்டை மட்டும் துடைத்தால் போதும்.

அடியில் ‘நிப்பான்’ என்று இங்கிலீஷில் எழுதிய தட்டு ஒன்றை 150 வருடப் பழசு என்று சொல்லி ஒருவர் விற்கிறார். நம்பலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

வயதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 மார்ச்சிலிருந்து இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். ஜப்பானியர் தங்கள் நாட்டைத் தாங்கள் அழைக்கும் பெயரையே போட்டார்கள். 1921-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, “நிப்பான் என்பது ஜப்பானியச் சொல், இங்கிலீஷில் ஜப்பான் என்று போடு” என்றது. ஆக அந்த முத்திரை நிஜமானால் தட்டு 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட முப்பது வருடத்துக்குள் பிறந்தது. ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்று இருந்தால் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை அங்கே இருந்த காலம். அது 1952 ஏப்ரலில் முடிந்தது.

நிஜமானால் என்றேன், கவனியுங்கள். நிப்பான் முத்திரைக்குப் போலிகள் உண்டு. மொரிமுரா சகோதரர்கள் என்ற ஜப்பானிய வணிகர்கள் ஏற்றுமதி செய்த சாமானில் இலை வளையத்துக்குள் ‘எம்’ என்ற எழுத்து இருக்கும். போலி ஒன்றில் அந்த இடத்தில் மணற்கடிகாரம் மாதிரி ஒரு உருவம் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

அந்த மொரிமுராக்கள் 1904-இல் நகோயா பக்கத்தில் நொரிடாகே என்ற ஊரில் ஆரம்பித்த தொழிற்சாலைதான் இன்றைய நொரிடாகே பீங்கான் நிறுவனம். பூஜாடி சுலபமாக வந்தது; 25 சென்டிமீட்டர் வெள்ளைத் தட்டு மட்டும் சூளையில் நெளிந்துகொண்டே இருந்தது. கோணாமல் எடுக்கக் கிட்டத்தட்ட பத்து வருடம் ஆயிற்று. ‘செடான்’ என்ற முதல் டின்னர் செட் 1914-இல்தான் வந்தது. நகோயா போனால் பழைய செங்கல் கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். ஒரு சாதாரண வெள்ளைத் தட்டைத் திருப்பிப் பார்க்கும் மரியாதை எனக்கு அங்கேதான் வந்தது.

மகன் ஜப்பானிலிருந்து இமாரி பீங்கான் கிண்ணங்கள் வாங்கி வந்தான். மரப்பெட்டிக்குள் ஐந்துதான் இருக்கின்றன. ஆறாவதைக் கடைக்காரர் அமுக்கிவிட்டாரோ?
- வாசகி, மதுரை

பாவம், அவரைத் திட்டாதீர்கள். அங்கே செட் என்றாலே ஐந்து. நாலுக்கு ‘ஷி’ என்ற உச்சரிப்பு உண்டு. சாவுக்கும் அதே உச்சரிப்பு. அதனால் நாலை ஒதுக்குவார்கள். ஒற்றைப்படை மேல் பிரியமும் உண்டு. ஆறு, பன்னிரண்டு என்று இருந்தால் வெளிநாட்டாருக்காகச் செய்தது என்று சந்தேகப்படலாம். நாப்கின் வளையங்கள் ஆறாக வருவது அதனால்தான்.

இன்னொன்று. இமாரி என்பது கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயர். செய்தது பக்கத்திலிருக்கும் அரிடாவில்.

தங்கமும் சிவப்புமாக வரைந்த பழைய குடானி என்ற ஜப்பானியப் பீங்கான் கிண்ணத்தில் ரசம் ஊற்றிச் சாப்பிடலாமா?
- வாசகர், சேலம்

வேண்டாம். மேல் வர்ணத்தில் ஈயம் இருக்கலாம், புளிப்பு அதை இழுக்கும். முறுக்கு வையுங்கள். மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உடைந்த தட்டைத் தங்கத்தால் ஒட்டும் ‘கின்ட்சுகி’யை வீட்டில் செய்யலாமா?
- வாசகி, சென்னை

தங்கம் ஒட்டாது, அம்மா. ஒட்டுவது உருஷி என்ற மரப்பால். தங்கத்தூள் கடைசியில் மேலே தூவுவது. உருஷி மரம் நம் சேராங்கொட்டையின் குடும்பம். முந்திரியும் மாவும்கூட அதே குடும்பம்தான். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா? அதே கதை. கையுறை இல்லாமல் தொட்டு ஒரு வாரம் முழங்கை வரை சொறிந்துகொண்டிருந்தேன். அது காய்வதற்கு வெயில் ஆகாது, ஈரக் காற்று வேண்டும். அந்த வகையில் சென்னை அருமையான ஊர்! இதற்கு எபாக்ஸி பசையோடு விற்கும் பெட்டிகளும் உண்டு. அலமாரியில் வைக்க அது போதும். அந்தத் தட்டில் சாப்பிட வேண்டாம்.

உடையாமல் காக்க ஒரு வழி: நிலநடுக்கத்துக்குப் பயந்து அங்கே சாமான்களின் அடியில் ஒட்டும் ஜெல் துண்டு வைப்பார்கள். நானும் கொண்டுவந்திருக்கிறேன். திருச்சியில் நிலநடுக்கம் இல்லை, பேரன் இருக்கிறான்.

எங்கே போய் வாங்குவது?
- வாசகர், பெங்களூரு

கியோட்டோ போகிறவரானால் மாதம் 21-ஆம் தேதி தோஜி கோயில் சந்தை, 25-ஆம் தேதி கிடானோ தென்மங்கு கோயில் சந்தை. விடிந்ததும் போய்விடுங்கள். பேரம் பேசலாம், ஆனால் நம் ஊர்போலப் பாதி விலையில் ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு, “கொஞ்சம் குறைப்பீர்களா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். தந்தம் என்று சொன்னால் நகர்ந்துவிடுங்கள். இங்கே கொண்டுவர முடியாது.

உண்மையைச் சொல்லுங்கள், 61 வளையம் வைத்திருக்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்றாவது நாப்கின் வைத்துச் சாப்பிட்டது உண்டா?
- வாசகி, புதுச்சேரி

ஒரே ஒரு தரம். கோபேயில் எதிர் வீட்டுப் பாட்டியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பந்தாவாக மேசை போட்டு, வெள்ளைத் துணியைச் சுருட்டி, என்னிடம் இருந்ததிலேயே நல்ல வெள்ளி வளையம் இரண்டில் செருகி வைத்தேன். பாட்டி துணியை உருவி மடித்து ஓரமாக வைத்தார். வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐரிஸ் பூவை விரலால் தடவி, நல்ல வேலை என்றார். பிறகு அதைத் தட்டுப் பக்கத்தில் நிறுத்தி, தன் சாப்ஸ்டிக்கை அதன்மேல் பதவிசாகச் சாய்த்து வைத்தார்.

நானும் என்னுடையதை எடுத்து அதேபோல் வைத்தேன். எலுமிச்சை சாதம் பரிமாற ஆரம்பித்தோம்.