இலைக்கன் எண்ணிக்கை குழுவுக்குக் குழு மாறினால்

காற்றின் தரத்தை அறிய, ஆசிரியர் பயிற்சியில் மரப்பட்டையிலுள்ள இலைக்கன்களை (பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிரி) எண்ணச் சொன்னபோது, ஒரே மரத்தில் ஒரு குழு 4 வகையும் மற்றக் குழு 11 வகையும் எண்ணியதாகக் கேட்டிருந்தீர்கள். அது ஆசிரியர்களின் குறையல்ல. எதை எண்ணுவது, எங்கே எண்ணுவது என்று முதலில் தீர்மானிக்காததுதான் காரணம்.

பெரும்பாலும் தனியாக வளரும் பாசியையும் இலைக்கன் என்று சேர்த்து எண்ணியிருப்பார்கள். கொழும்பின் ஈரக் காற்றில் மரப்பட்டையில் செம்மஞ்சள் நிறத்தில் வெல்வெட்டு மாதிரிப் படர்வது ட்ரென்டிபோலியா என்ற பாசி. பார்த்தால் யாருமே ஏமாறுவார்கள்.

அடுத்த பயிற்சியில் இப்படிச் செய்து பாருங்கள்:

1. தரையிலிருந்து 1 மீற்றர் உயரத்தில், 10 சென்ரிமீற்றர் சதுரங்கள் ஐந்தை ஏணிபோல் நூலால் கட்டி, நான்கு திசையிலும் வையுங்கள். அதற்குள் இருப்பதை மட்டும் எண்ணட்டும்.

2. 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையால் பாருங்கள். தெளிவான விளிம்பு, குட்டிக் கறுப்பு வட்டுகள், பேனாவால் கிறுக்கினது போன்ற கோடுகள் தெரிந்தால் இலைக்கன். நகத்தால் உரச அப்படியே தூளாக வந்தால் பாசியாக இருக்கலாம். ஆனால் தூள்போன்ற இலைக்கனும் உண்டு. சந்தேகமானதைத் தனியே குறியுங்கள்.

அப்புறம், காலி வீதி மாமரத்தை விகாரமகாதேவிப் பூங்காவின் மாமரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பட்டையின் அமிலத்தன்மையும் வெயிலும் மாறினால் இலைக்கனும் மாறும், காற்று ஒன்றாகவே இருந்தாலும். ஒரு மரத்தை வைத்து மாணவருக்கு ‘இங்கே காற்று மோசம்’ என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம்.