ஏட்டம்மாவைத் தேடி வருபவர்கள்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஏட்டம்மா (பெண் தலைமைக் காவலர்) ரோசம்மாள் துப்பறிவதாக மூன்று கொலை மர்ம நாவல்கள் எழுதி முடித்திருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் முதல் நாவலை நானே அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் பதிப்பித்தேன். இதுவரை 41 பிரதிகள் விற்றிருக்கின்றன. எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் இணைப்பைப் போட்டேன். வாழ்த்துகள் வந்தன, வாசித்தவர்கள் கொஞ்சம்தான். ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்), அட்டை, விளம்பரம் எல்லாம் சேர்த்து அச்சில் கொண்டுவர ஒரு நிறுவனம் 38,000 ரூபாய் கேட்கிறது. அம்மாவின் நகையை வைத்துக் கட்டலாமா என்று யோசிக்கிறேன். கதையைச் சென்னைக்கு மாற்றினால்தான் எல்லோரும் வாசிப்பார்கள் என்கிறார் ஒரு நண்பர். முதல் நாவல் இணையத்தில் கதை வாசிக்கும் தளமான பிரதிலிபியிலும் முழுதாக இருக்கிறது. மூன்று நாவல்களின் கோப்புகளையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

எஸ்., குலசேகரம்

அன்புள்ள தம்பி,

நகையை வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

என் முதல் நாவலுக்கு நானும் இப்படி ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். 500 பிரதிகள் வந்தன. மெய்ப்புப் பார்க்கும் வேலை நடக்கவே இல்லை. கொலையானவர் பெயர் முற்பாதியில் ஒன்று, பிற்பாதியில் வேறொன்று. விளம்பரம் என்று அவர்கள் செய்தது முகநூலில் மூன்று பதிவுகள். கட்டுகளை மச்சில் வைத்திருந்தோம். இரண்டு மழைக்காலம் பெய்கிற ஊர் நம்முடையது. அடிக்கட்டில் இருந்தவை ஈரத்தில் ஒட்டிப்போயின. பணம் போனதைவிட, பிழையோடு இருக்கும் நூலைத் திருத்த வழியில்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அவர்கள் பட்டியலில் இருக்கும் ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கொடுக்கிறது. உங்கள் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கிண்டில் நூலுக்கு அதுகூடக் கட்டாயமில்லை. அச்சு வேண்டுமென்றால் டிஜிட்டல் முறையில் 50 பிரதிகள் போட்டுப் பாருங்கள். ஒரு பிரதிக்கான செலவு, நிறையப் பிரதிகளை ஒன்றாக அடிக்கும் ஆஃப்செட்டைவிடக் கூடும், ஆனால் மச்சில் எதுவும் தேங்காது. நாவல்கள் வழக்கமாக வரும் 1/8 டெம்மி அளவில் வடிவமைக்கச் சொல்லுங்கள். ஒற்றைப் பிரதியாகத் தபாலில் அனுப்பினால் செலவு கூடும். அதனால் அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்து விற்க முடிகிற இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் புத்தகத் திருவிழா ஒன்று, உங்கள் ஊர் நூலகம் இன்னொன்று.

இனி முக்கியமான விஷயம். சின்ன வயதில் மாமாவோடு வடசேரி பேருந்து நிலையத்துக்குப் போவேன். மாத நாவல்கள் கயிற்றில் தொங்கும். மாமா கடைக்காரரிடம் எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை. துப்பறிபவரின் பெயரைச் சொல்லி, "அவரு வாற புதுசு வந்தாச்சா?" என்பார். வரவில்லை என்றால் வேறெதையும் வாங்காமல் பஸ் ஏறிவிடுவார். தொடர் எழுதுகிறவருக்குத் தேவை அந்த வாசகர்தான். 41 பேரை 400 ஆக்குவது எப்படி என்று எட்டு மாதம் ஓடியிருக்கிறீர்கள். முதல் நாவலை முடித்துவிட்டு, "ஏட்டம்மா வாற அடுத்தது எங்கே?" என்று தேடிய அந்த 41 பேருக்குக் கையில் கொடுக்க உங்களிடம் ஒன்றுமில்லை. இரண்டு நாவல்கள் எழுதி முடித்தபடி பெட்டிக்குள் இருக்கின்றன! எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டாவதை உடனே கொண்டுவாருங்கள். மூன்றாவது அடுத்த மூன்று மாதத்துக்குள் வரட்டும். முதல் நாவலின் கடைசிப் பக்கத்தில், கதை முடிந்த மூச்சிலேயே, இரண்டாவதின் முதல் அத்தியாயத்தையும் இணைப்பையும் வையுங்கள். அட்டையில் "ஏட்டம்மா ரோசம்மாள் – வழக்கு 1" என்று போடுங்கள். இப்போதுள்ள அட்டையில் கத்தியும் ரத்தமும் இருக்கிற அளவுக்கு எழுத்து இல்லை. போனில் அட்டை ஒரு தபால்தலை அளவுதான் தெரியும், அந்த அளவில் தலைப்பை வாசிக்க முடிய வேண்டும்.

மின்னூலை அமேசானில் மட்டும் விற்பதாக ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்திருப்பதாகச் சொல்லவில்லை. சேர்ந்திருந்தால் உடனே கவனியுங்கள்: அதில் இருக்கும் 90 நாளும் மின்னூல் வேறெங்கும் முழுதாக இருக்கக் கூடாது, பத்து சதவீதம் வரை மாதிரியாகக் கொடுக்கலாம். பிரதிலிபியில் முழு நாவலும் இருப்பது விதிமீறல். அச்சு நூலுக்கு இந்தத் தடை கிடையாது. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்டில் இருந்தாக வேண்டும், இல்லையேல் 35தான். மாதச் சந்தா கட்டி வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் வாசிக்கும் பக்கத்துக்கு வரும் பணமும் செலக்டில்தான். என் யோசனை, பிரதிலிபி வாசகர்களுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டு நாவலை எடுத்துவிடுங்கள், முதல் சில அத்தியாயங்கள் மட்டும் இருக்கட்டும். 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கும் வசதியும் செலக்டில் உண்டு. அந்த ஐந்து நாளை இப்போது வீணாக்காமல், இரண்டாவது நாவல் வெளியாகும் வாரத்தில் முதல் நாவலுக்குப் பயன்படுத்துங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வளைகுடா முழுக்க இருக்கிறார்கள். ஊர்ப் பெயர் கண்ட உடனே தொட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள். பொதுக் குழுக்களில் பத்துத் தடவை இணைப்பைப் போடுவதைவிட, அப்படி ஒருவருக்குத் தனியாக நாலு வரி எழுதி அனுப்புவது மேல்.

சென்னைக்கு மாற்றச் சொன்ன நண்பர் உங்கள் நாவலை முழுதாக வாசித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. இரண்டாவது நாவலில் மாத்தூர் தொட்டிப் பாலத்தில் ஒரு கொலை வருகிறதே. 115 அடி உயரம், மேலே ஓடும் கால்வாய், பக்கத்தில் குறுகலான நடைபாதை, எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கித்தான் போக வேண்டும். தப்பிக்க இரண்டு முனைகள்தான். அந்தப் புதிரை இந்தப் பாலத்தை விட்டு வேறெங்கு வைப்பீர்கள்? இடத்தை மாற்றாதீர்கள், ஆனால் இடத்தைச் சரியாக எழுதுங்கள். முதல் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில், ஜூலை மாதம், விடியும் முன் நாலு மணிக்கு, நெற்றியில் விளக்குக் கட்டி ரப்பர் பால் வெட்டப் போனவர் பிணத்தைப் பார்க்கிறார். முந்தின பக்கத்தில்தான் இரவெல்லாம் மழை கொட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்தில் பிளாஸ்டிக் கட்டாமல் அந்த மழையில் யார் பால் வெட்டுவார்? சிரட்டையில் மழைத்தண்ணிதான் நிற்கும். குலசேகரத்தில் வாசிக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே நாவலை மூடிவிடுவார்கள். அதே சமயம், இதிலிருந்தே ஒரு துப்பு கிடைக்குமே: வெட்ட முடியாத நாளில் அவர் ஏன் தோட்டத்துக்குப் போனார்?

இன்னொன்று. கதை நடப்பது 2025. இன்ஸ்பெக்டர் முதல் தகவல் அறிக்கையில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 என்று எழுதுகிறார். 2024 ஜூலை 1 முதல் கொலைக்கான பிரிவு பாரதிய நியாய சன்ஹிதா 103. சந்தேக மரணம் என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-க்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194. ஆனால் ரோசம்மாள் பழைய சட்டக் காலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் வாயில் 302 வரட்டும், இளம் எஸ்ஐ திருத்தட்டும். அந்த ஒரு வரியில் அவர் வயதும் அனுபவமும் தெரிந்துவிடும். கிண்டிலில் திருத்திய கோப்பை எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றலாம். என் 500 பிரதிகளுக்கு அந்த வசதி இல்லை.

நகையைத் தொடாமல், அந்த 38,000 ரூபாயில் ஒரு சின்னப் பங்கு அளவுக்குக் கையில் சேரும்போது அதை நல்ல மெய்ப்புத் திருத்துநருக்குக் கொடுங்கள். இன்னொரு பங்கை அட்டைக்குக் கொடுங்கள். ஓய்வுபெற்ற காவலர் ஒருவரைத் தேடிப் பிடித்து மூன்று நாவல்களையும் வாசிக்கக் கொடுங்கள், பணம் வாங்கமாட்டார், ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தியதும் எனக்கு அனுப்புங்கள். தொட்டிப் பாலத்துக் கதையில் பாதிதான் தாண்டியிருக்கிறேன். கொலை செய்தது யார் என்று மட்டும் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா